இணையத் தொலைபேசியும் வெள்ளோட்டப் பதிப்பும்

நம்முடைய கோயில்களிலே புதிதாகத் தேர் ஒன்று செய்து முடித்தால், அதனை நேரே திருவிழாவுக்கு எடுத்துச் செல்வதில்லை. திருவிழாவுக்கு முன்னர் ஒரு நல்ல நாள் பார்த்து, சுவாமியை எழுந்தருளப்பண்ணாமல், வெறுந் தேரையே வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அதனை வெள்ளோட்டம் என்கிறோம். கொட்டகையில் நிற்கும்பொழுது காணப்படாத குறைகள் வீதியிலே காணப்படும். மூலையில் திரும்பும்பொழுது அச்சு இடம்கொடுக்கின்றதா, சில்லு மணலிற் புதைகின்றதா, முட்டுக்கட்டை தக்கபடி தேரை நிறுத்துகின்றதா என்பனவெல்லாம் அன்றுதான் தெரியவரும். குறை கண்டால் ஆசாரியார் அதனைத் திருத்துவார். திருத்தியபின்னரே தேரிலே சுவாமி எழுந்தருளுவார்.

இவ்வழக்கத்தை ஒத்த ஒரு வழக்கம் கணினி உலகிலும் உண்டு. மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்பு வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், அதனை ஆக்கியோர் ஓர் அறிவித்தல் விடுப்பர். "எங்கள் அறிவுக்கு எட்டியவரையில் இது முடிந்துவிட்டது; ஆயினும் முடிந்துவிட்டது என்று இன்னும் சொல்லமாட்டோம்; நீங்கள் எடுத்து ஓட்டிப் பார்த்துக் குறை கூறுங்கள்" என்பதே அவ்வறிவித்தலின் சாரம். இவ்வாறு விடப்படும் பதிப்பை ஆங்கிலத்தில் ரிலீஸ் கண்டிடேட் என்பர். வெளியீட்டுக்கு வேட்பாளராக நிற்கும் பதிப்பு என்பது அதன் பொருள். நாம் அதனை வெள்ளோட்டப் பதிப்பு என்றே அழைப்போம். அஸ்டெரிஸ்க் என்னும் இணையத் தொலைபேசி மென்பொருளை உதாரணமாகக் கொண்டு, இவ்வறிவித்தல் யாருக்கு விடப்படுகின்றது, அதனைக் கேட்டவர் செய்யவேண்டியது யாது என்பவற்றை இன்று ஆராய்வோம்.

முதலிலே தொலைபேசி இணைப்பகம் என்பது யாதென அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஊரிலுள்ள ஒவ்வொரு தொலைபேசியையும் மற்ற ஒவ்வொன்றுடனும் தனித்தனிக் கம்பியால் இணைப்பது இயலாத காரியம். ஆகவே எல்லாக் கம்பிகளையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, அழைப்பவரின் கம்பியை அழைக்கப்படுபவரின் கம்பியுடன் அவ்விடத்தில் இணைத்துவிடுகின்றனர். அவ்விடமே இணைப்பகம். ஆரம்பத்தில் இவ்வேலையை மனிதரே செய்தனர். பலகையின் முன்னமர்ந்த ஊழியர் இலக்கத்தைக் கேட்டு, கம்பி முனையை உரிய துளையிற் செருகுவார். 1891 ஆம் ஆண்டில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்னும் அமெரிக்கர், மனிதர் உதவியின்றி இலக்கத்தைத் தெரிந்து இணைக்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அப்பொறியின் இடத்தை மின்னணுக் கருவிகள் பிடித்தன. அக்கருவிகளையும் இயக்குவது கணினி நிரலே என்ற நிலை இறுதியில் உண்டாயிற்று.

பெரிய காரியாலயம், வைத்தியசாலை, விடுதி முதலியவற்றுக்குள்ளேயும் சிறிய இணைப்பகங்கள் உண்டு. அறைக்கு அறை பேசுவதும், வெளியிலிருந்து வரும் அழைப்பு உரியவரைச் சேர்வதும் அவற்றின் மூலமே நடைபெறும். இக்கருவிகள் நெடுங்காலமாக மிகுந்த விலையுடையனவாய் இருந்தன. ஒரு கொம்பனியிடம் கருவியை வாங்கியவர், தொலைபேசிகளையும் திருத்தவேலையையும் பெரும்பாலும் அதே கொம்பனியிடம் பெறவேண்டியவராயிருந்தார்.

1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்னும் இளைஞர், லினக்ஸ் இயக்குதளத்தைப் பாவிப்போருக்கு உதவி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். உதவி கேட்டு அழைப்போரின் அழைப்புகளைப் பகிர்ந்தளிக்க அவருக்கு ஓர் இணைப்பகம் தேவைப்பட்டது. அதனை வாங்க அவரிடம் பணமில்லை. கணினிக் கல்வி கற்றவராகையால், சாதாரண மேசைக் கணினி ஒன்றையே இணைப்பகமாக்கும் மென்பொருளைத் தாமே எழுதத் தொடங்கினார். அதுவே அஸ்டெரிஸ்க். அஸ்டெரிஸ்க் என்பது உடுக்குறியின் பெயர். தொலைபேசியின் பொத்தான்களிலே நட்சத்திரம்போலக் காணப்படும் குறி அதுவே. கணினியில் அக்குறி, "எதுவாயினும்" என்னும் பொருளிலும் வழங்கும். எவ்வகைத் தொலைபேசியையும் எவ்வகைக் கம்பியையும் இணைக்கும் மென்பொருளுக்கு அப்பெயர் பொருத்தமே.

அக்காலத்திலே ஜிம் டிக்சன் என்பவரும் இதனை ஒத்த சிந்தனையில் ஈடுபட்டிருந்தார். தொலைபேசி ஒலியைக் கையாளுவதற்கெனத் தனியான, விலையுயர்ந்த சில்லுகள் வேண்டும் என்பது அக்காலத்துக் கொள்கை. சாதாரணக் கணினியின் மையச் செயலியே அவ்வேலைக்குப் போதிய வேகம் பெற்றுவிட்டது என்று டிக்சன் கண்டார். கணினியில் தொலைபேசிக் கம்பியைப் பொருத்துவதற்கான எளிய அட்டையை வடிவமைத்து, அவ்வடிவமைப்பை யாவரும் எடுத்துக்கொள்ளுமாறு வெளியிட்டார். இவருடைய அட்டையும் ஸ்பென்சரின் மென்பொருளும் ஒன்றுசேரவே, வெளியிலுள்ள உண்மையான தொலைபேசி வலையமைப்புடன் அஸ்டெரிஸ்க் பேசலாயிற்று. ஸ்பென்சரின் நிறுவனம் டிஜியம் என்னும் பெயர்பெற்று ஹன்ட்ஸ்வில் நகரில் வளர்ந்தது. 2018 ஆம் ஆண்டில் சங்கோமா என்னும் கொம்பனி அதனை வாங்கியது.

இனி, இணையத்தின் வழியே ஓர் அழைப்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். இதில் இரண்டு காரியங்கள் உள. ஒன்று அழைப்பை ஏற்படுத்துதல். மற்றையது குரலைக் கொண்டுசெல்லுதல். அழைப்பை ஏற்படுத்துவதற்குப் பெரும்பாலும் பயன்படுவது சிப் என்னும் நெறிமுறை. அது கடிதப் போக்குவரத்தைப் போன்றது. அழைக்கும் தொலைபேசி, "பேச வருக" என்று ஓர் அழைப்போலையை அஸ்டெரிஸ்க் இயங்கும் சேவையகக் கணினிக்கு அனுப்பும். சேவையகம் அதனை உரிய தொலைபேசிக்கு எட்டச் செய்யும். அத்தொலைபேசி முதலில் "மணி அடிக்கின்றது" என்றும், எடுத்தவுடன் "சம்மதம்" என்றும் மறுமொழி விடும். பேசி முடிந்ததும் "விடைபெறுகின்றேன்" என்னும் செய்தி போகும்.

குரல் செல்லும் வழி வேறு. வழமையான முறையொன்றில், பேசுபவரின் ஒலி ஒரு விநாடிக்கு 8,000 தடவை அளக்கப்பட்டு இலக்கங்களாக மாற்றப்படுகின்றது. அவ்விலக்கங்கள் 20 மில்லிவிநாடிக்கு ஒரு பொதியாகக் கட்டப்பட்டு, விநாடிக்கு 50 பொதிகள் வீதம் இணையத்தில் விடப்படுகின்றன. மறுபக்கத்துத் தொலைபேசி அவற்றைப் பிரித்து மீண்டும் ஒலியாக்கும். பொதிகள் பிந்தினால் உரையாடல் தடுமாறும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லிவிநாடிக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டல். ஒரு விநாடியின் ஆறிலொரு பங்கிலும் குறைந்த அந்நேரத்துக்குள் எத்தனை வேலைகள் நடைபெறவேண்டுமென எண்ணிப் பாருங்கள்!

அஸ்டெரிஸ்க் திறந்த மூல மென்பொருள். அதாவது, அதன் மூல நிரல் மறைக்கப்படவில்லை. யாரும் அதனை எடுக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம். மாற்றியதைப் பிறருக்கு வழங்குபவர் அதன் மூல நிரலையும் அவருக்குக் கிடைக்கச் செய்தல் வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. இம்முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. 2004 ஆம் ஆண்டு டிசெம்பரில் ஆழிப்பேரலை அழிவு நேர்ந்தபின், காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவு செய்வதற்கென நமது நாட்டுக் கணினி வல்லுநர் ஒன்றுகூடி ஆக்கிய சஹானா என்னும் மென்பொருளும் திறந்த மூலமாகவே வெளிவந்தது.

ஆயினும் அந்த உரிமத்தில் வேறொரு வாசகமும் உண்டு. இம்மென்பொருளுக்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை என்று அது வெளிப்படையாகக் கூறுகின்றது. இலவசமாகக் கொடுப்பவரிடம் உத்தரவாதமும் கேட்பது முறையாகாதுதான். ஆனால் தொலைபேசி விளையாட்டுப் பொருளன்று. நள்ளிரவில் வைத்தியரை அழைப்பவருக்கும், தீப்பற்றிய வீட்டிலிருந்து உதவி கோருபவருக்கும், மறுமுனையிலே மணி அடித்தே தீரவேண்டும். எழுத்தில் உத்தரவாதம் இல்லாத ஒன்றை எதனை நம்பிப் பாவிப்பது? வெள்ளோட்டத்தை நம்பியே பாவிக்கின்றோம். பலர் பலவிடங்களில் ஓட்டிப் பார்த்துக் கண்ட குறைகள் திருத்தப்பட்டன என்பதே இங்கு உத்தரவாதத்தின் இடத்தில் நிற்கின்றது.

2004 ஆம் ஆண்டு செப்டெம்பரில் அஸ்டெரிஸ்க்கின் 1.0 ஆம் பதிப்பு வெளிவந்தபொழுதும், அதற்கு முன்னர் வெள்ளோட்டப் பதிப்புகள் விடப்பட்டன. 2010 ஆம் ஆண்டில் வெளிவந்த 1.8 ஆம் பதிப்பின் வரலாறு இம்முறையை நன்கு விளக்கும். அவ்வாண்டு யூலை மாதத்தில் அதன் முதலாவது சோதனைப் பதிப்பு விடப்பட்டது. பீட்டா எனப்படும் அவ்வகைப் பதிப்பிலே இன்னும் வேலை மிச்சம் உண்டு என்பது பொருள். சோதனைப் பதிப்புகள் சில வந்தபின் வெள்ளோட்டப் பதிப்புகள் தொடங்கின. அவற்றுக்கு ஆர்சி 1, ஆர்சி 2 என இலக்கமிடுவர். வெள்ளோட்டம் தொடங்கியபின் புதிய வசதி எதுவும் சேர்ப்பதில்லை. கண்ட வழுக்களை நீக்குதல் ஒன்றே வேலை. பாரதூரமான வழு காணப்படாவிடின் அப்பதிப்பே இறுதிப் பதிப்பாகிவிடும். காணப்படின் அதனைத் திருத்தி அடுத்த இலக்கத்தோடு மீண்டும் விடுவர். 1.8 ஆம் பதிப்புக்கு இது ஆர்சி 5 வரை சென்றது. ஒக்டோபர் மாதத்திலேயே இறுதிப் பதிப்பு வெளிவந்தது.

ஐந்து தடவை விடவேண்டி வந்ததைக் குறைவாகக் கொள்ளலாகாது. அப்பதிப்பிலே பேச்சை மறைகுறியாக்கி அனுப்பும் வசதி சேர்ந்தது. ஐபிவி 6 என்னும் புதிய இணைய முகவரி முறையைச் சிப் அழைப்புகளிற் கையாளும் வசதியும் சேர்ந்தது. இவை மேற்பூச்சான மாற்றங்களல்ல. மேலும், அது நீண்டகால ஆதரவு பெறும் பதிப்பு என அறிவிக்கப்பட்டது: நான்கு ஆண்டுகளுக்கு வழுத்திருத்தமும், அதன்மேல் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தமும் அதற்குக் கிடைக்கும் எனக் கூறப்பட்டது. ஐந்தாண்டு ஓடவேண்டிய தேருக்கு ஐந்து வெள்ளோட்டம் மிகையாகுமா?

"ஆக்கியோரே தம் ஆய்வுகூடத்தில் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு வெளியிடலாகாதா?" என்று நேயர்கள் கேட்கக்கூடும். அவர்கள் சோதிக்கவே செய்கின்றனர். ஆயினும் ஆய்வுகூடத்திற் காணமுடியாத வழுக்கள் மூவகையாக உள்ளன.

முதலாவது, இடத்தால் வருவது. வீடுகளிலும் காரியாலயங்களிலும் இணைய இணைப்பின் வாயிலில் ரவுட்டர் என்னும் பெட்டி இருக்கும். உள்ளேயுள்ள கருவிகளுக்கு அது தனியான உள்முகவரிகளைக் கொடுத்து, வெளியே தன் முகவரி ஒன்றையே காட்டும். தொலைபேசியோ தனக்குத் தெரிந்த உள்முகவரியையே தன் கடிதத்தினுள் எழுதிவிடும். "கிழக்கு வீதி, மூன்றாம் வீடு" என்று எழுதி ஊரின் பெயரை விட்டுவிட்டால் மறுமொழி எங்கே போகும்? மணி அடிக்கும், எடுப்பார்கள், ஒருவர் குரல் கேட்கும், மற்றவர் குரல் கேட்காது. இக்குறையைச் சமாளிக்கும் வழிகள் மென்பொருளில் உள்ளன. எனினும் ரவுட்டர்கள் ஒன்றைப்போல் மற்றொன்று நடப்பதில்லை. எல்லாவற்றையும் ஓர் ஆய்வுகூடத்திற் சேர்த்தல் யாராலும் ஆகாது.

இரண்டாவது, துணையால் வருவது. நெறிமுறை ஒன்றாயினும் அதனைப் பொருள்கொள்ளும் விதம் கொம்பனிக்குக் கொம்பனி சிறிது வேறுபடும். பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒரு தொலைபேசி, புதிய பதிப்பு அனுப்பும் செய்தியிலுள்ள ஒரு வரியை விளங்காமல் அழைப்பையே துண்டித்துவிடலாம். அத்தொலைபேசியை வைத்திருப்பவரே அதனைக் கண்டறிய வல்லவர்.

மூன்றாவது, காலத்தாலும் பாரத்தாலும் வருவது. ஒவ்வோர் அழைப்பிலும் கணினியின் நினைவகத்திற் சிறிது இடத்தை எடுத்து, முடிந்தபின் திருப்பிக் கொடுக்க மறக்கும் வழு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பத்து அழைப்பில் அது தெரியாது. பல்லாயிரம் அழைப்பின் பின் சேவையகம் மூச்சுத் திணறும். இரண்டு வேலைகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து இரண்டுமே நின்றுபோகும் வழுவும் உண்டு; நூறு அழைப்பு ஒரே நேரத்தில் வரும்பொழுதே அது தலைகாட்டும்.

இவ்வளவும் உண்மையாயின், வெள்ளோட்டத்திற் பங்குகொள்பவர் செய்யவேண்டியன யாவை? முதலாவது, வெள்ளோட்டத் தேரில் சுவாமியை எழுந்தருளச் செய்வதில்லை என்பதை மறவாதிருத்தல் வேண்டும். வேலையில் இருக்கும் இணைப்பகத்தில் வெள்ளோட்டப் பதிப்பை நிறுவுதல் தகாது. வேறொரு கணினியில் அதனை நிறுவி, தம் காரியாலயத்தின் அமைப்புக் கோப்புகளைப் பிரதிபண்ணி, சில தொலைபேசிகளை மட்டும் அதனோடு இணைத்தல் வேண்டும். இரண்டாவது, தாம் நாளாந்தம் செய்வனவற்றையே செய்து பார்த்தல் வேண்டும்: அழைப்பை மற்றொருவருக்கு மாற்றுதல், காத்திருக்க வைத்தல், செய்தியைப் பதிவுசெய்தல், பொத்தானை அழுத்தித் தெரிவுசெய்தல். மூன்றாவது, கண்ட குறையைத் தெளிவாக அறிவித்தல் வேண்டும்.

இம்மூன்றாவது எளிதன்று. "ஐயா, கணக்குப் பிழைக்கிறது" என்று மட்டும் சொல்லிக் கொப்பியை நீட்டும் மாணவனை ஆசிரியர்கள் அறிவோம். எந்தப் படியிற் பிழைக்கின்றது என்று காட்டும் மாணவனுக்கு உதவுதல் எளிது. "தொலைபேசி வேலை செய்யவில்லை" என்னும் அறிவித்தலால் யாருக்கும் பிரயோசனமில்லை. எந்தப் பதிப்பு, எந்தத் தொலைபேசி, எதனைச் செய்தபொழுது, எதிர்பார்த்தது யாது, நிகழ்ந்தது யாது, மீண்டும் செய்தால் மீண்டும் நிகழ்கின்றதா என்பவற்றையும், சேவையகம் எழுதிவைத்த பதிவையும் சேர்த்து அனுப்புபவர், வழுவைப் பாதி திருத்திக்கொடுத்தவராவார். நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யக்கூடிய தொண்டு இது.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைக் கூற விரும்புகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் அதிபராயிருந்த பாடசாலையில் ஆண்டு மலர் ஒன்றை அச்சிட்டோம். அச்சகத்திலிருந்து வந்த சரவையில் மூன்று பிரதிகள் எடுத்து மூன்று ஆசிரியர்களிடம் கொடுத்தேன். மூவரும் இரண்டே நாளில் ஒரு திருத்தமும் இன்றித் திருப்பித் தந்தனர். மூவர் பார்த்துப் பிழையில்லை என்றபின் நான் பார்ப்பானேன் என்று ஒப்பமிட்டு அனுப்பிவிட்டேன். மலர் வெளிவந்தபொழுது, பாடசாலையைத் தாபித்த பெரியாரின் பெயரே முதற் பக்கத்திற் பிழையாக இருந்தது. அவருடைய பேரனார் விழாவுக்கு வந்திருந்தார். மலரை விரித்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மூடி மடியில் வைத்துக்கொண்டார். பின்னர் விசாரித்தேன். மற்ற இருவரும் பார்ப்பார்கள் என்று ஒவ்வொருவரும் எண்ணியிருந்தனர். அவர்களை நான் கடிந்துகொள்ளவில்லை. நானும் அவ்வாறே எண்ணியவன் அல்லவா?

திருத்தக்குறி இல்லாத சரவை எல்லாம் பிழையில்லாத சரவை அன்று. வாசிக்கப்படாத சரவையாகவும் அது இருக்கலாம் என்பதை அன்று அறிந்தேன். வெள்ளோட்டப் பதிப்புக்கும் இது பொருந்தும். குறித்த காலத்துக்குள் முறைப்பாடு எதுவும் வராவிடின், ஆக்கியோர் அதனைச் சம்மதமாகக் கொண்டு இறுதிப் பதிப்பை வெளியிடுவர். வேறு வழியும் அவர்களுக்கு இல்லை. ஆனால் அம்மௌனம், ஓட்டிப் பார்த்துக் குறை காணாதவரின் மௌனமா, அல்லது ஓட்டியே பாராதவரின் மௌனமா என்பதை அவர்கள் எவ்வாறு அறிவர்? வெளியிட்ட பின்னர் அதனை நம்பி நிறுவிய வைத்தியசாலையிலே மணி அடிக்காது போனால், அப்பிழையில் எழுதியவருக்கு மட்டுமன்றி, பாராதிருந்தவருக்கும் பங்கு உண்டு.

2011 ஆம் ஆண்டு முதல் அஸ்டெரிஸ்க் பதிப்புகள் முன்னிருந்த "1." என்பதை விட்டு 10, 11 என முழு இலக்கம் பெற்றன. 2024 ஆம் ஆண்டு ஒக்டோபரில் 22 ஆம் பதிப்பு, நீண்டகால ஆதரவுப் பதிப்பாக வெளிவந்தது. இடையில் 2023 ஆம் ஆண்டில் வந்த 21 ஆம் பதிப்பிலே, சிப் நெறிமுறைக்கெனத் தொடக்கத்திலிருந்து இருந்த பழைய நிரற் பகுதி நீக்கப்பட்டுப் புதியதே எஞ்சியது. பழையதையே நம்பியிருந்தவர் தம் அமைப்புகளை மாற்றவேண்டியதாயிற்று. பழையது போகப்போகின்றது என்று ஆண்டுகளுக்கு முன்னரே அறிவித்திருந்தனர். அறிவித்தலைப் படித்து முன்கூட்டி ஓட்டிப் பார்த்தவர் இடர்ப்படவில்லை.

நேயர்களே, இம்மென்பொருளை நீங்கள் நேரே பாவிக்காதிருக்கலாம். ஆயினும் ஒரு காரியாலயத்தை அழைத்து, "இன்ன விடயத்துக்கு ஒன்றை அழுத்துக" என்னும் குரலைக் கேட்கும்பொழுதெல்லாம், அதன் பின்னால் இத்தகைய மென்பொருள் ஒன்று இயங்குகின்றது என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளிலோ மாணவரிலோ கணினி கற்பவர் இருப்பின், வெள்ளோட்டப் பதிப்பு வந்துள்ளது என்னும் அறிவித்தலை அவர்கள் காணும்பொழுது, அதனைப் பிறருக்கு விடப்பட்டதாக எண்ணிக் கடந்து செல்லாதிருக்கச் சொல்லுங்கள். பழைய கணினி ஒன்றும், ஓய்வான ஒரு பிற்பகலும், கண்டதைக் கண்டபடி எழுதும் பழக்கமும் அவர்களுக்குப் போதும்.

தேர் வடத்தைப் பிடிப்பவர் பலராயிருக்கலாம். ஒவ்வொருவரும் மற்றவர் இழுப்பார் என்று கையைத் தளர்த்தினால் தேர் நகராது.